வாதத்தில் வென்று வாக்கெடுப்பில் வீழ்ந்தவர்

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் வலக்கரமாக விளங்கிய ஸ்ட்ராஃபோர்டு பிரபு, 1641 மார்ச் 22 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டவராக நிறுத்தப்பட்டார். மன்னருக்கு எதிராக அவர் படை திரட்டவில்லை, எதிரி நாட்டோடு சேரவில்லை, சதி செய்யவும் இல்லை. மன்னருக்காக வரம்பு மீறி உழைத்தார் என்பதுதான் அவர் மேல் இருந்த கோபமே. மன்னர் மனம் குளிர நடந்த ஒருவர் மன்னருக்கே துரோகி ஆக முடியுமா? இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் விசாரணை முழுவதும் நடந்தது. ஸ்ட்ராஃபோர்டு தன் வழக்கைத் தானே வாதாடினார். சட்டத்தின்படி பார்த்தால் வென்றார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஏழு வாரம் கழித்து அவர் தலை கொய்யப்பட்டது.

அவருடைய இயற்பெயர் தாமஸ் வென்ட்வொர்த். யார்க்ஷயரில் பெரும் நிலபுலன் உள்ள குடும்பத்தில் 1593-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே நாடாளுமன்ற உறுப்பினரானார். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் மன்னர் கட்டாயக் கடன் வசூலித்தபோது, கொடுக்க மாட்டேன் என்று மறுத்து 1627-இல் காவலில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு கூடிய நாடாளுமன்றம், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய புகழ்பெற்ற உரிமை விண்ணப்பத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கூட்டத்தொடரில் மக்களவையை முன்நின்று நடத்தியவர்களில் வென்ட்வொர்த்தும் ஒருவர்.

அதே 1628-இல் அவர் மன்னர் பக்கம் சாய்ந்தார். பிரபு பட்டம் கிடைத்தது, வட இங்கிலாந்தை ஆளும் பேரவையின் தலைமைப் பதவியும் கிடைத்தது. நேற்றுவரை தோளோடு தோள் நின்ற ஜான் பிம் போன்றவர்கள் இதை மறக்கவே இல்லை. பதவிக்காக விலைபோனார் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் வென்ட்வொர்த் எப்போதுமே ஒழுங்கான, உறுதியான ஆட்சியை விரும்பியவர். சட்டத்தை மீறும் ஆட்சியைவிட, திறமையற்ற ஆட்சிதான் அவருக்கு அதிக எரிச்சல் தந்தது என்று கொள்வது பொருத்தமாக இருக்கும்.

1633-இல் அயர்லாந்தின் ஆளுநராக டப்ளினுக்குப் போனார். கடற்கொள்ளையரை அடக்கினார், சுங்க வருவாயைப் பெருக்கினார், லினன் நெசவை வளர்த்தார், படையைச் சீர்படுத்தினார். கூடவே நிலப் பட்டயங்களைக் கிளறி, கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் குடியேறிகள், பழைய பிரபுக்கள் என்று எல்லாரையும் பகைத்துக்கொண்டார். அவர் ஆட்சியின் போக்கைப் புரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். வாதநோயால் வீங்கியிருந்த அவருடைய காலில், மவுண்ட்நோரிஸ் பிரபுவின் உறவினர் ஒருவர் முக்காலியைப் போட்டுவிட்டார். பிறகு ஒரு விருந்தில் அந்தப் பேச்சு வந்தபோது, அது பழிவாங்கலாக இருக்கலாம் என்ற பொருளில் மவுண்ட்நோரிஸ் ஏதோ சொல்லிவைத்தார். அவர் அயர்லாந்தின் துணைப் பொருளாளர். படையிலும் பதவி வகித்தவர். அந்த ஒரு பேச்சுக்காக 1635-இல் ராணுவ நீதிமன்றம் கூடி அவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும் மனிதரின் பதவி போயிற்று. பிற்காலத்தில் ஸ்ட்ராஃபோர்டுக்காக இரங்கியவர்கள் மிகச் சிலரே என்றால், அதற்கு அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட இப்படிப்பட்ட பகைகளே காரணம்.

1639-இல் மன்னருக்கும் ஸ்காட்லாந்துக்கும் வழிபாட்டு முறை பற்றிய பூசல் போராக மூண்டது. மன்னர் அவரை லண்டனுக்கு அழைத்தார். 1640 ஜனவரியில் ஸ்ட்ராஃபோர்டு பட்டம் சூட்டினார். அத்துடன் ரேபி பிரபு என்ற பட்டத்தையும் ஸ்ட்ராஃபோர்டு கேட்டு வாங்கிக்கொண்டார். ரேபி கோட்டையோ அரசுச் செயலாளர் சர் ஹென்றி வேனுக்குச் சொந்தமானது. தேவையில்லாத இந்த அவமதிப்பை வேன் மனத்தில் வைத்துக்கொண்டார்.

போருக்குப் பணம் வேண்டி 1640 ஏப்ரலில் கூட்டப்பட்ட நாடாளுமன்றம் குறைகளைத்தான் முதலில் பேசுவோம் என்றது. மூன்றே வாரத்தில், மே 5 அன்று, மன்னர் அதைக் கலைத்தார். அன்றே ஆலோசகர்கள் சிலர் மூடிய அறையில் கூடினார்கள். அங்கே பேசியதை வேன் குறிப்பெடுத்தார். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். ஆகஸ்டில் நியூபர்ன் என்ற இடத்தில் மன்னர் படை தோற்றது. ஸ்காட்டுகள் வட இங்கிலாந்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வேறு வழியின்றி நவம்பர் 3 அன்று மீண்டும் நாடாளுமன்றம் கூட்டப்பட்டது.

ஸ்காட்டுகளோடு கள்ள உறவு வைத்திருந்தார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர்கள்மேல் துரோகக் குற்றம் சாட்ட ஸ்ட்ராஃபோர்டே திட்டமிட்டிருந்தார் என்று சொல்லப்படுகிறது. பிம் முந்திக்கொண்டார். நவம்பர் 11 அன்று மக்களவை ஸ்ட்ராஃபோர்டு மீது இம்பீச்மென்ட் கொண்டுவந்தது. அதாவது மக்களவை குற்றம் சாட்டும், பிரபுக்கள் சபை நீதிமன்றமாக இருந்து விசாரிக்கும். செய்தி கேட்டு ஸ்ட்ராஃபோர்டு விரைந்து பிரபுக்கள் சபைக்குள் வந்தபோது, வெளியே போ என்ற கூச்சல் எழுந்தது. பிறகு உள்ளே அழைத்து மண்டியிட வைத்தார்கள், உடைவாளை வாங்கிக்கொண்டார்கள். ராபர்ட் பெய்லி என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அந்நாட்களில் லண்டனில் இருந்து கடிதங்கள் எழுதினார். அன்று காலைவரை இங்கிலாந்தின் எந்தப் பெரிய மனிதரும் ஸ்ட்ராஃபோர்டுக்கு முன் தொப்பியைக் கழற்றித்தான் நிற்பார், மாலையில் கூட்டத்தைக் கடந்து அவர் வண்டி தேடிப் போனபோது ஒருவர்கூடத் தொப்பியைத் தொடவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

இனி சட்டம். இங்கிலாந்தில் ராஜத்துரோகம் எது என்பதை மூன்றாம் எட்வர்டு காலத்தில் 1352-இல் இயற்றிய சட்டம் வரையறுத்தது. மன்னரைக் கொல்ல எண்ணுவது, மன்னருக்கு எதிராகப் போர் தொடுப்பது, எதிரிகளோடு சேர்வது, அரச முத்திரையையோ நாணயத்தையோ போலியாகச் செய்வது போன்ற சிலவற்றை மட்டுமே அது துரோகமாகச் சொல்கிறது. எதற்கெடுத்தாலும் துரோகப் பட்டம் கட்டும் வழக்கத்தை நிறுத்தத்தான் அந்த வரையறையே வந்தது. 16-ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள், துரோகத்தை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றும் சேர்த்தன.

ஸ்ட்ராஃபோர்டு மீது வந்த விரிவான குற்றப்பத்திரிகையில் 28 கூறுகள் இருந்தன. அயர்லாந்தில் சட்டத்துக்குப் புறம்பாகத் தண்டித்தது, தன் ஆணைகளை நாடாளுமன்றச் சட்டத்துக்குச் சமமாக்கியது, புகையிலை வணிகத்தைத் தன் பிடியில் வைத்தது, ஆணைக்குப் பணியாதவர் வீட்டில் சிப்பாய்களைத் தங்கவைத்தது என்று பட்டியல் நீண்டது. இவற்றில் பல உண்மை. ஆனால் 1352 சட்டத்தின் எந்த வரியிலும் இவை அடங்கவில்லை. எனவே வழக்குத் தொடுத்தவர்கள் புதிய வாதம் ஒன்றைக் கட்டினார்கள். மன்னரும் குடிமக்களும் சட்டத்தால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவர்கள். அந்தச் சட்டத்தைக் கவிழ்ப்பவர் மன்னரைக் குடிகளிடமிருந்து பிரிக்கிறார். எனவே அவர் மன்னருக்கே துரோகி. தனித்தனியே எந்தக் கூறும் துரோகம் ஆகாவிட்டாலும், எல்லாம் சேர்ந்து துரோகம் ஆகும் என்பது அவர்கள் நிலை. அரசியல் சிந்தனை என்ற அளவில் இது ஆழமான கருத்து. துரோகம் என்பது ஆட்சியாளருக்கு மட்டும் அல்ல, நாட்டின் அமைப்புக்கே செய்யப்படக்கூடியது என்ற எண்ணம் இங்கே உருவெடுக்கிறது. ஆனால் நேற்றுவரை இல்லாத குற்றத்தை இன்று வகுத்து, நேற்றைய செயலுக்காக ஒருவரைக் கொல்லலாமா என்பது வேறு கேள்வி.

விசாரணைக்காக வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் இருபுறமும் படிப்படியாக இருக்கைகள் கட்டப்பட்டன. நடுவில் பிரபுக்கள் செவ்வங்கி அணிந்து அமர்ந்தார்கள். அரியணை காலியாக இருந்தது. முறைப்படி மன்னர் அங்கே இல்லை என்பதால், பக்கத்தில் தட்டி மறைத்த ஓர் அறைக்குள் ராணியோடு உட்கார்ந்து பார்த்தார். முதல் நாளே அந்தத் தட்டியைத் தன் கையாலேயே பிய்த்துப் போட்டாராம். விசாரணை நீண்ட பொழுதுகளில் மண்டபத்திலேயே ரொட்டியும் இறைச்சியும் தின்றார்கள், பீர், ஒயின் புட்டிகள் கைக்குக் கை, வாய்க்கு வாய் மாறின என்று பெய்லி முகம் சுளித்து எழுதுகிறார். இத்தனைக்கும் நடுவே, டவர் கோட்டைச் சிறையிலிருந்து தேம்ஸ் நதி வழியே படகில் கொண்டுவரப்பட்ட ஸ்ட்ராஃபோர்டு கறுப்பு உடையில், நோயால் கூனிய உடம்போடு நின்றார். 47 வயதுதான், பார்க்க இன்னும் மூத்தவராகத் தெரிந்தார்.

சட்ட நுணுக்கம் பற்றிப் பேச மட்டுமே வழக்கறிஞர்களுக்கு அனுமதி. நடந்தது என்ன, நடக்காதது என்ன என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே பேச வேண்டும். காலையில் எதிர்த்தரப்பு ஒரு கூறை எடுத்துச் சாட்சிகளைக் கொண்டுவரும். அவருக்குச் சிறிது நேரம் தருவார்கள், ஏறத்தாழ அரை மணி. அதற்குள் குறிப்பெடுத்து, எழுந்து பதில் சொல்ல வேண்டும். எதிரே பிம், கிளின், மேனார்டு, வைட்லாக் என்று தேர்ந்த சட்ட மூளைகள் முறை மாற்றி முறை வந்தார்கள். இந்தப் பக்கம் ஒற்றை ஆள். மூன்று வாரம் இப்படி நடந்தது.

அவர் கோபப்படவில்லை, எதிராளிகளை இகழவும் இல்லை. ஒவ்வொரு கூறிலும் மூன்றே கேள்விகளைக் கேட்டார்: இது நடந்ததா, நடந்தது என்றால் சாட்சி யார், நடந்தே இருந்தாலும் இது துரோகமா? சிப்பாய்களைத் தங்கவைத்த ஆணையை நிரூபிக்க எதிர்த்தரப்பு ஒரு நகலைக் கொண்டுவந்தபோது, மூல ஆவணம் எங்கே என்றார். நகல் செல்லாது என்று பிரபுக்கள் ஒப்புக்கொண்டார்கள். மன்னரின் சுண்டுவிரல் சட்டத்தின் இடுப்பைவிடக் கனமானது என்று அவர் மிரட்டியதாக ஒரு குற்றச்சாட்டு. தான் சொன்னது நேர் எதிரானது, சட்டத்தின் சுண்டுவிரல்தான் மன்னரின் இடுப்பைவிடக் கனமானது என்று பேசினேன் என்றார். அதற்குச் சாட்சியும் நிறுத்தினார். நாட்கள் செல்லச் செல்ல, முதலில் வெறுப்போடு வந்து உட்கார்ந்த பிரபுக்கள் பலர் தலையசைக்கத் தொடங்கினார்கள்.

எல்லாம் 23-ஆம் கூறில் வந்து நின்றது. மே 5 கூட்டத்தில் ஸ்ட்ராஃபோர்டு மன்னரிடம், அயர்லாந்தில் உங்களுக்கு ஒரு படை இருக்கிறது, இந்த ராஜ்யத்தை அடக்க அதை இங்கே கொண்டுவரலாம் என்று சொன்னாராம். இங்கிலாந்து மக்கள்மீதே அயர்லாந்துக் கத்தோலிக்கப் படையை ஏவச் சொன்னார் என்று ஊரெல்லாம் கொதித்தது. சாட்சி சொன்னவர் ரேபி பட்டத்தைப் பறிகொடுத்த அதே சர் ஹென்றி வேன். அவரும் முதல் விசாரணைகளில் நினைவில்லை என்று சொல்லிப் பிறகுதான் நினைவுக்குக் கொண்டுவந்தவர். அந்த அறையில் இருந்த நார்தம்பர்லாந்து, ஹாமில்டன், ஜக்ஸன், காட்டிங்டன் எவரும் அப்படிக் கேட்டதாகச் சொல்லவில்லை.

ஸ்ட்ராஃபோர்டின் பதில் அடுக்கடுக்காக வந்தது. சாட்சி ஒருவர்தான், சட்டம் கேட்பது இருவரை. அன்று பேச்சு ஸ்காட்லாந்துப் போரைப் பற்றியது, ஆகவே இந்த ராஜ்யம் என்றால் ஸ்காட்லாந்தாகத்தான் இருக்க முடியும். ஆலோசகர் ரகசியமாக மனம் திறந்து சொல்லும் கருத்து செயல் ஆகாது. அந்தப் படை இங்கிலாந்து மண்ணில் கால் வைக்கவே இல்லை.

ஏப்ரல் 10 அன்று வழக்குத் தொடுத்தவர்கள் இந்தக் கூறுக்கு மட்டும் புதிய சான்று தர அனுமதி கேட்டார்கள். அப்படியானால் எனக்கும் மற்றக் கூறுகளில் அந்த உரிமை வேண்டும் என்றார் ஸ்ட்ராஃபோர்டு. நியாயம்தான் என்று பிரபுக்கள் சொன்னதும் மக்களவையினர் கூச்சலிட்டு எழுந்தார்கள். மண்டபமே கலைந்தது. மன்னர் சிரித்துவிட்டார், ஸ்ட்ராஃபோர்டாலும் மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு ஆயுள் ஒரு நாளும் இல்லை.

அன்றே மக்களவையில் ஒரு தாள் வெளியே வந்தது. வேனின் மகன், தந்தை தந்த சாவியால் அலமாரியைத் திறந்து குடும்ப ஆவணம் தேடியபோது மே 5 குறிப்பைப் பார்த்திருக்கிறார். அதை நகலெடுத்து பிம்மிடம் காட்டியிருக்கிறார். மூலத்தை மன்னர் உத்தரவுப்படி எரித்தாயிற்று. ஆக, தந்தையின் வாய்மொழி ஒன்று, அதே தந்தையின் குறிப்பிலிருந்து மகன் எடுத்த நகல் ஒன்று. இரண்டும் சேர்ந்து இரண்டு சாட்சிகளாம். எந்த நேர்மையான நீதிமன்றமும் இதை ஏற்காது. மக்களவைத் தலைவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் சர் ஆர்தர் ஹேசல்ரிக் அதே நாளில் அட்டெய்ண்டர் மசோதாவைக் கொண்டுவந்தார். இந்த வகை மசோதாவுக்கு விசாரணை தேவையில்லை, சான்று தேவையில்லை. இன்னார் குற்றவாளி, அவருக்கு மரணம் என்று இரு அவைகளும் வாக்களித்து மன்னர் ஒப்புதல் அளித்தால் அதுவே சட்டம்.

ஏப்ரல் 13 அன்று ஸ்ட்ராஃபோர்டு தன் இறுதி உரையை ஆற்றினார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட பேச்சு. நான் மனம்போனபடி சட்டம் செய்தேன் என்று கூறி இவர்கள் நாட்டின் நலனைக் காக்கப் பேசுகிறார்கள். இவர்கள் மனம்போனபடி துரோகத்தைச் செய்வதிலிருந்து அதே நாட்டின் நலனைக் காக்க நான் பேசுகிறேன் என்றார். தேம்ஸில் மூழ்கிக் கிடக்கும் நங்கூரத்தில் படகு மோதினால், அங்கே மிதவை அடையாளம் வைக்காத உடைமையாளர்தான் நட்டம் தர வேண்டும். அடையாளம் இருந்தும் மோதினால் குற்றம் படகோட்டியுடையது. இந்தக் குற்றத்துக்கு அடையாளம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இந்த முன்னுதாரணம் நிலைத்தால் நாளை உங்கள் பிள்ளைகள் தலைக்கும் இதே கதிதான், மானமும் உடைமையும் உள்ள எவரும் அரசுப் பணிக்கு வர மாட்டார்கள் என்று பிரபுக்களை எச்சரித்தார். கடைசியில் தன் பிள்ளைகளையும் அவர்களை விட்டு மறைந்த தாயையும் குறிப்பிட்டபோது குரல் உடைந்து, பேச்சு நின்றுபோயிற்று. அந்தத் தாயின் சகோதரர் டென்சில் ஹோலிஸ் எதிர்த்தரப்பு உறுப்பினர். மைத்துனரின் உயிரைக் காப்பாற்ற அவரும் முயன்று பார்த்தார்.

மசோதா ஏப்ரல் 21 அன்று மக்களவையில் 204-க்கு 59 என்ற கணக்கில் நிறைவேறியது. வழக்குத் தொடுத்த குழுவிலேயே இருந்த டிக்பி பிரபு, அந்த மனிதரை நான் வெறுக்கிறேன், ஆனால் இந்தச் சான்றை வைத்து அவரைக் கொல்ல என் மனச்சாட்சி இடம் தராது என்ற பொருளில் எதிர்த்துப் பேசினார். எதிராக வாக்களித்த 59 பேரின் பெயர்களையும் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று எழுதித் தெருவில் ஒட்டினார்கள். பிரபுக்கள் சபையில் அரசு வழக்கறிஞர் ஆலிவர் செயின்ட் ஜான் பேசியது இன்றும் நடுங்கவைக்கிறது. மானுக்கும் முயலுக்கும் வேட்டை விதி உண்டு. ஓநாயையும் நரியையும் எங்கே கண்டாலும் அடித்துக் கொல்வதில் கொடுமை எதுவும் இல்லை என்றார் அவர். சிறை, நாடுகடத்தல் எல்லாம் போதாதா என்று கேட்ட மக்களவை உறுப்பினர் எட்வர்டு ஹைடிடம், செத்தால்தான் ஆபத்து தீரும் என்று எசெக்ஸ் பிரபு சொன்னார். இதில் பயமும் கலந்திருந்தது. மன்னர் எந்த நேரமும் அவரை விடுவித்துப் படையோடு திரும்ப அனுப்பலாம் என்ற அச்சம் ஆதாரமற்றது அல்ல. மே மாதத் தொடக்கத்தில் டவர் கோட்டைக்குள் ஆயுதம் தாங்கிய ஆட்களை நுழைக்க முயற்சி நடந்தது. கோட்டைக் காவலர் பால்ஃபர் மறுத்துவிட்டார். அந்தச் செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் நீதி வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டரைச் சூழ்ந்தார்கள். பல பிரபுக்கள் சபைக்கே வரவில்லை. வந்தவர்கள் மசோதாவை நிறைவேற்றினார்கள்.

மீதி இருந்தது மன்னரின் ஒப்புதல். உன் உயிருக்கும் மானத்துக்கும் பொருளுக்கும் கேடு வராது, இது அரச வாக்கு என்று ஏப்ரல் 23 அன்று அவர் ஸ்ட்ராஃபோர்டுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மே 4 அன்று ஸ்ட்ராஃபோர்டே அந்த வாக்கிலிருந்து மன்னரை விடுவித்து, நாட்டின் அமைதிக்காக மசோதாவில் கையெழுத்திடும்படி எழுதினார். உண்மையான தியாகமா, அல்லது மன்னர் மனம் இளகி மறுப்பார் என்ற நம்பிக்கையா என்று இன்றுவரை விவாதம் உண்டு. அரண்மனை வாசலில் கூட்டம் இரைந்துகொண்டிருக்க, மன்னர் ஆயர்களை அழைத்துக் கேட்டார். மனச்சாட்சிக்கு விரோதமாக எதையும் செய்யாதீர்கள் என்றார் அவர்களில் ஒருவரான ஜக்ஸன். மன்னருக்குச் சொந்த மனச்சாட்சி வேறு, அரச மனச்சாட்சி வேறு என்றார் மற்றொரு ஆயரான வில்லியம்ஸ். மே 10 அன்று மன்னர் இணங்கினார். மறுநாள் தன் மூத்த மகனின் கையில் பிரபுக்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பி, உயிர்ப்பிச்சை தர முடியுமா என்று கேட்டார். முடியாவிட்டால் சனிக்கிழமை வரையாவது தள்ளிப்போடுங்கள் என்று பின்குறிப்பும் எழுதினார். அதுவும் நடக்கவில்லை.

மே 12 காலை, கூட்டம் பிய்த்தெறிந்துவிடும் என்று அஞ்சி வண்டியில் போகச் சொன்ன காவலரிடம் மறுத்து, ஸ்ட்ராஃபோர்டு நடந்தே டவர் குன்றுக்குப் போனார். அதே கோட்டையில் சிறைப்பட்டிருந்த பேராயர் லாட் சன்னல் வழியே கை நீட்டி ஆசி கூறி, மயங்கி விழுந்தார். குன்றில் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள் என்று அக்காலத்தவர் மதிப்பிட்டார்கள்.

அவரைக் கொன்ற சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது: இச்சட்டம் இயற்றப்படாதது போலவே கருதி, நீதிபதிகள் முன்பு எவற்றைத் துரோகமாகக் கொண்டார்களோ அவற்றையே இனியும் கொள்ள வேண்டும். தாங்கள் வகுத்த துரோகம் தங்கள்மேலேயே திரும்பக்கூடாது என்று அதை எழுதியவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் வழி திறந்துவிட்டது. அடுத்து லாட் விசாரிக்கப்பட்டார். சிறு குற்றங்கள் எல்லாம் சேர்ந்தால் துரோகம் என்று அங்கேயும் வாதாடினார்கள். இருநூறு சோடிக் கறுப்பு முயல்கள் சேர்ந்தால் ஒரு கறுப்புக் குதிரை ஆகும் என்பது இதுவரை எனக்குத் தெரியாது என்றார் லாட்டின் வழக்கறிஞர் ஹெர்ன். லாடையும் மசோதா மூலமே 1645 ஜனவரியில் கொன்றார்கள். 1649 ஜனவரி 30 அன்று வெட்டுமேடையில் நின்ற சார்லஸ் மன்னர், தான் நிறைவேற விட்ட ஓர் அநியாயத் தீர்ப்புக்குத் தண்டனையாகவே தனக்கு இந்த அநியாயத் தீர்ப்பு வந்தது என்றார். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

முடியாட்சி திரும்பியபின் 1662-இல் நாடாளுமன்றம் அந்த அட்டெய்ண்டரை ரத்து செய்தது. ஸ்ட்ராஃபோர்டின் மகனுக்குத் தந்தையின் பட்டம் திரும்பக் கிடைத்தது. 1696-இல் வந்த துரோக விசாரணைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகை நகலையும், முழுமையாக வாதாட வழக்கறிஞரையும் உரிமையாக்கியது. 1787-இல் அரசமைப்பை எழுதிய அமெரிக்கர்கள் அட்டெய்ண்டர் மசோதாவையே தடைசெய்தார்கள். துரோகம் என்பது நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதும், எதிரிகளுக்குத் துணைபோவதும் மட்டுமே. ஒரே வெளிப்படையான செயலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது திறந்த நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும் என்று அந்த அரசமைப்பின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் அட்டெய்ண்டர் மசோதா கடைசியாக 1798-இல் பயன்பட்டது. அயர்லாந்துக் கிளர்ச்சித் தலைவர் எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு சிறையில் இறந்தபின் அவர் பெயரில் நிறைவேற்றப்பட்டது.